அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நாம் பணியாற்றிய பங்கில், கோவில் வாயிலின் இடப்புறத்தில் கண்ணாடிக் கதவிட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. பூசை நேரங்களும், திருமண ஓலைகளும், திருவிழா வரவுசெலவுக் கணக்கும் அதில் இடம்பெறுவது வழக்கம். 2006ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு காலை, நாமே நம் கையால் அதில் ஒரு புகைப்படத்தை ஒட்டினோம். பங்கின் உதவிக் குழுவினர் ஐவர் ஒரு வீட்டு வாசலில் நின்று, ஒரு தாய்க்கு அரிசி மூட்டை வழங்கும் காட்சி அது. தாயின் இருபுறமும் பிள்ளைகள் இருவர். அப்படத்தை ஒட்டியபோது நம் உள்ளத்தில் ஒரு நிறைவு இருந்ததை இன்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாயிருக்கிறது.

அன்பார்ந்த வாசகர்களே, இக்கட்டுரையில் நாம் குறிப்பிடும் தாய்மார் இருவர். முதலாமவர் இன்று எங்கிருக்கிறார் என்பதை நாம் அறியோம். ஆதலால் ஊரையும் அடையாளங்களையும் மாற்றியே எழுதுகிறோம். இரண்டாமவரிடம் எழுதியதை வாசித்துக் காட்டி இசைவு பெற்றோம். ஒரு வரியை அடித்துவிடச் சொன்னார், அடித்துவிட்டோம். இருவரும் நம்மிடம் பேசியது பங்கு இல்லத்து முன்னறையில். ஒப்புரவு அருளடையாளத்தில் அன்று.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய வட்டாரங்களை அறிந்தவர்களுக்கு அங்குள்ள வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. லாரிக்குக் கூடு கட்டுவோர், டாங்கர் ஓட்டுவோர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு வடநாடு சென்று மாதக்கணக்கில் திரும்பாதோர் என, சக்கரத்தின் மேல் வாழும் குடும்பங்கள் அங்கே ஏராளம். எச்.ஐ.வி. என்னும் கிருமி இந்தியாவில் இருப்பது 1986இல் சென்னையில்தான் முதன்முதல் தெரியவந்தது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் லாரி போகும் சாலைகளின் வழியே அது வீடுகளுக்குள் புகுந்தது. கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்கள், மகப்பேற்றுச் சோதனையிலோ கணவனின் சாவிலோ தங்கள் நிலையை அறிந்தார்கள்.

நாம் குருமட மாணவராகச் சென்னையில் இருந்தபோது ஒரு நாள் தாம்பரம் சானடோரியத்திற்கு நோயாளரைச் சந்திக்கச் சென்றோம். காசநோய்க்காக 1928இல் மருத்துவர் சௌரிமுத்து தொடங்கிய அம்மருத்துவமனை, 1993 முதல் இந்நோயாளரையும் சேர்த்துக்கொண்டது. கட்டிலில் கணவன், கட்டிலின் கீழே பாயில் மனைவி, மனைவிக்கும் அதே நோய். அவளைப் பார்க்க வருவார் எவருமில்லை. அன்று நம் மனக்கண்ணில் இருந்தது வேறொரு படம். 1987 செப்டம்பரில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், இந்நோயுற்ற ஒரு சிறுவனைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அணைத்துக்கொண்ட படம். நாமும் ஒரு நாள் அப்படி அணைப்போம் என்று நினைத்துக்கொண்டோம். அந்நினைப்பில் நோயாளியைவிட நாமே பெரிதாயிருந்தோம் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

நிற்க. முதல் தாயின் செய்திக்கு வருவோம்.

அவருடைய கணவர் லாரி ஓட்டுநர். இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. கோழிப் பண்ணையொன்றில் முட்டை அடுக்கும் வேலை செய்து இரு பிள்ளைகளையும் காப்பாற்றி வந்தார் அந்த அம்மா. 2004 ஏப்ரல் முதல் நாளன்று, இந்நோய்க்கான கூட்டு மருந்தை நடுவண் அரசு நாட்டின் எட்டு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் அவற்றுள் ஒன்று. மாதம் ஒரு முறை இரவுப் பேருந்தேறி விடியற்காலை அங்கே இறங்கி, மருந்து வாங்கிக்கொண்டு அடுத்த இரவு திரும்புவார். பின்னர் மாவட்டத் தலைநகரிலேயே மருந்து மையம் வந்துவிட்டது. ஆயினும் அவர் தாம்பரத்தை விடவில்லை. "இங்கே வரிசையில் நின்றால் என்னைத் தெரிந்தவர் எவராவது இருப்பார், சாமி. அங்கே நான் யாரோ" என்றார். முப்பது மணி நேரப் பயணத்தை அவர் மருந்துக்காக மேற்கொள்ளவில்லை. 'யாரோ' என்னும் அந்த ஒரு சொல்லுக்காகவே மேற்கொண்டார்.

அவர் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தாம்பரம் போகும் இரவில் பிள்ளைகள் இருவரும் கன்னியர் இல்லத்தில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "பார்க்கலாம் அம்மா" என்றோம். இரக்கம் நம்மை வேறு திக்கில் இழுத்தது. உதவிக் குழுவின் தலைவரை அழைத்து, "அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் பெரிய நோய், கணவரும் அதனால்தான் போனார், தாராளமாகச் செய்யுங்கள்" என்றோம். நோயின் பெயரை நாம் சொல்லவில்லை. லாரி ஓட்டுநரின் விதவை, பெரிய நோய் என்ற பிறகு, அந்த வட்டாரத்தில் பெயரைச் சொல்லவும் வேண்டுமோ? நல்லெண்ணத்தோடு ஐவரும் பட்டப்பகலில் மூட்டையோடு சென்றார்கள். படம் எடுத்தார்கள். நாம் ஒட்டினோம்.

இரண்டு வாரங்களில் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பண்ணையில், "நாளை முதல் வர வேண்டாம்" என்றார்கள். பள்ளியில் மகனோடு ஒரே பெஞ்சில் உட்காரப் பிள்ளைகள் மறுத்தார்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஞாயிறுதோறும் நம் கையால் நற்கருணை பெற்றவர்கள்.

கடைசியாக வந்தபோது அவர் அழவில்லை. "சாமி, நான் உங்களிடம் அரிசி கேட்கவில்லையே. மாதத்தில் ஓரிரவு பிள்ளைகளுக்குப் படுக்க இடந்தானே கேட்டேன்" என்றார். நம்மிடம் விடையில்லை. அவர் பூர்த்தி செய்து வைத்திருந்த விதவை உதவித்தொகை விண்ணப்பமும் அப்படியே கிடந்தது. கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, கணவர் எப்படி இறந்தார் என்று கேட்பாரே என்னும் அச்சத்தில் அவர் அதைக் கொடுக்கவேயில்லை. மறுவாரம் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். புகைப்படத்தைக் கழற்றினோம். கண்ணாடியில் பசை ஒட்டிய நான்கு மூலைகளும் நெடுநாள் தெரிந்துகொண்டிருந்தன.

இதன் பிறகுதான், இத்தகைய தாய்மாருக்கு என்னென்ன உதவிகள் உள்ளன, அவற்றை அவர்கள் ஏன் பெறாமல் விடுகிறார்கள் என்று கேட்டறியத் தலைப்பட்டோம். உதவிகள் இல்லாமலில்லை. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென மாநில அளவில் தனிச் சங்கம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1994. அரசு மருத்துவமனைகளிலுள்ள 'நம்பிக்கை மையம்' என்னும் அறையில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். மருந்தும் இலவசம். முன்பு வேளைக்கு வேளை விழுங்கிய நிலை மாறி, இப்போது பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. ஆதரவற்ற விதவைகளுக்கான மாத உதவித்தொகை 2011இல் ஆயிரம் ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இந்நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென மாநில அரசு ஓர் அறக்கட்டளையே நிறுவியிருக்கிறது.

அம்மட்டோ! சட்டமும் உண்டு. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது. வேலையிலும், பள்ளியிலும், மருத்துவமனையிலும், வாடகை வீட்டிலும் அதைக் காட்டி விலக்கலாகாது. அச்சட்டத்தின் ஒரு பிரிவு நம் நெஞ்சைத் தொட்டது. பன்னிரண்டு வயது நிரம்பிய, பொறுப்புணர்ந்த பிள்ளை, பதினெட்டு ஆகாவிடினும், தன் தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக இருந்து பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் அது வழி செய்கிறது. பெற்றோரை இழந்த எத்தனை வீடுகளைப் பார்த்தபின் இப்படி எழுதத் தோன்றியிருக்கும்! 2006இல் இச்சட்டம் இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரரும் பண்ணையாரும் மட்டுமல்லர், நாமும் குற்றவாளிக் கூண்டருகே நிற்க வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் இவ்வுதவிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் உண்டு. வாசலுக்கு ஒரு வழி உண்டு. அவ்வழி நம் தெருக்களின் ஊடாகப் போகிறது. எந்த அறைக்கு எந்தக் கிழமையில் யார் போகிறார் என்று ஊர் கவனிக்கிறது. மருந்துப் புட்டியின் சீட்டைக் கிழித்துவிட்டு, மாத்திரை குலுங்கும் ஓசை கேளாதபடி உள்ளே பஞ்சை அடைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் தாய்மாரை நாம் அறிவோம். தாய்ப்பாலின் செய்தியும் இத்தகையதே. ஒரு காலத்தில் இத்தாய்மார் பலருக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்றே அறிவுரை சொல்லப்பட்டது. கைக்குழந்தைக்கு டப்பாப் பால் கரைக்கும் இளந்தாயைப் பார்த்து, "ஏன், உனக்குப் பாலில்லையா?" என்று எதிர்வீட்டுப் பாட்டி கேட்டுவிட்டால் அவள் என்ன சொல்வாள்? இப்போதைய வழிகாட்டுதல் வேறு. தாய் தவறாமல் மருந்து உண்டுவர, குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறார்கள். மருத்துவர்கள் பார்த்தது குழந்தையின் உயிரை. தாய்க்கு அதோடு பாட்டியின் வாயும் அடைபட்டது.

இவ்வழியில் துணையாக நடக்கத் தக்கவர் யார் என்னும் கேள்விக்கு, அத்தாய்மாரே ஒரு விடை கண்டார்கள். நாமக்கல் பகுதியிலிருந்து வந்த கௌசல்யா என்பவர், தாமும் கணவரால் இந்நோய் பெற்றவர், தம்மைப் போன்ற பெண்களோடு சேர்ந்து 1998இல் சென்னையில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். முகத்தை மறைக்காமல் பேச முன்வந்த பெண்கள் அந்நாளில் இந்நாட்டில் மிகச் சிலரே. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், அலுவலகத்துக்கு உடன் போகவும், மருந்து வாந்தியெடுத்தால் என்ன செய்வதென்று சொல்லவும் இவர்களால் இயன்றது போல் நம்மால் இயலாது. இதை ஒப்புக்கொள்ள நமக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. குருமடத்தில் நமக்குக் கற்பித்தவை பல. கேட்டதை மட்டும் கொடுப்பது எப்படி என்பதை அங்கே கற்றதாக நினைவில்லை.

இரண்டாம் தாய் 2022ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், இப்போதுள்ள பங்கில், ஒரு மாலை நம்மைத் தேடி வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மூத்த மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். வயிற்றில் இரண்டாவது. கணவர் ஆழ்துளைக் கிணற்று வண்டியில் வடக்கே இருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் சோதனையில் ஐயம் எழ, நம்பிக்கை மையத்தில் உறுதியாயிற்று. கணவருக்கும் உண்டு, மகளுக்கு இல்லை. மருந்து மையத்துக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு, ஐந்து வாரமாக அவருடைய பைபிளுக்குள் மடிந்து கிடந்தது.

கர்ப்பிணியென்றால் எவரும் அன்றே மருந்து தொடங்க வேண்டும், அதன்பின் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும் என்பது 2014 முதல் இந்நாட்டில் உள்ள ஏற்பாடு. மருத்துவமே செய்யாவிடில் நூறு குழந்தைகளில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை தாயிடமிருந்து நோயைப் பெறக்கூடும். முறையாகச் செய்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். இதையெல்லாம் சொல்ல நாம் வாயெடுத்தோம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆலோசகர் அம்மாள் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர் போகாமலிருந்தது அறியாமையால் அன்று. அந்த மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். அவருடைய அன்பியத்திலேயே உள்ளவர். வாசலில் அவர் நிற்கக் கண்டு, இவர் பேருந்து நிறுத்தத்துக்கே திரும்பிவிட்டார். ஒரு முறையன்று, மூன்று முறை.

"நாம் உடன் வருகிறோம் அம்மா" என்றோம்.

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "வெள்ளை அங்கியோடு நீங்கள் என் பக்கத்தில் நின்றால், வரிசையிலுள்ள எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள், சாமி."

அறிவிப்புப் பலகை நம் கண்முன் வந்து நின்றது. சற்று நேரம் பேசாதிருந்தோம். பிறகு, இருபது ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டோம்: "நாம் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்."

அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். பக்கத்து மாவட்டத்து மையத்துக்குப் போவார். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியூர்ப் பேருந்துக்கு அச்சலுகை கிடையாது. ஆகவே மூன்று நகரப் பேருந்து மாறிப் போய் வருவார். போய் மருந்து வாங்கித் திரும்ப இருட்டிவிடும். கன்னியர் இல்லத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறதே, அதில் மகளைச் சேர்த்துக்கொண்டு, அந்த ஒரு நாள் மட்டும் தாம் வரும்வரை வைத்திருக்க வேண்டும். காரணத்தைக் கன்னியரிடமும் சொல்லலாகாது. "மாமியார் உங்களிடம் வந்து கேட்டால், பொய் சொல்ல வேண்டாம் சாமி. சொல்லாமலிருந்தால் போதும்."

தலைமைச் சகோதரியிடம், "இந்தப் பிள்ளை சில நாள் இரவு எட்டு மணி வரை இருப்பாள், ஏனென்று கேட்க வேண்டாம்" என்றோம். "சரி சாமி" என்றார். அவ்வளவே. மாலை வகுப்புக்கு வரும் நாற்பது பிள்ளைகளில் அவளும் ஒருத்தியானாள். மறுநாளே தாய் புறப்பட்டுப் போய் மருந்து தொடங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனையில் வேலை செய்யும் அந்த அன்பரைப் பற்றி நமக்கும் உள்ளூர ஐயம் இருந்தது. வேறெதையோ பேசுவதுபோல, பணியிடத்தில் கண்டதைக் காப்பது குறித்து ஒரு நாள் அவரிடம் பேச்செடுத்தோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி, பதினோரு வருடமாக அந்த வாசலில் நிற்கிறேன். நம் கோவிலிலேயே சிலரை அங்கே பார்த்திருக்கிறேன். என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வணங்கிப் போய்விட்டார். ஊர் முழுதும் வாயாகவே இருக்கும் என்று நினைத்த நாம், அப்படிப்பட்ட ஒரு காதும் ஊரில் இருப்பதை அறியாதிருந்தோம். அந்தத் தாயிடம் இதைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் அவரைப் பற்றி நாம் பேசியதாகிவிடும்.

2023 பிப்ரவரியில் மகன் பிறந்தான். அரசு மருத்துவமனையில் பேறு. பிறந்த நாள் முதல் சில வாரங்கள் குழந்தைக்குச் சொட்டு மருந்து. ஆறாம் வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் இரத்தத் துளிகள் எடுப்பார்கள். ஆறாம் வாரத்தில் எல்லாக் குழந்தைகளுக்குமே தடுப்பூசி உண்டாகையால், மாமியாரிடம் அவர் புதிதாக ஒரு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "தடுப்பூசிக்குப் போகிறேன் அத்தை" என்றால் போதும். அன்று வந்த முடிவு நல்லதாகவே இருந்தது. ஆனால் பால்குடி நின்று, பதினெட்டாம் மாதத்தில் செய்யும் சோதனைதான் முடிவானது. அந்த ஒன்றரை ஆண்டும் அவர் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வந்தார். நாம் அவரைத் தனியே அழைத்து எதையும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது நம் சுபாவத்துக்கு எவ்வளவு கடினமென்பதை நம்மை அறிந்தவர்கள் அறிவார்கள். திருமுழுக்கின்போது குழந்தையின் உச்சந்தலையில் எண்ணெய் பூசுகையில், குதிகாலை ஒரு முறை பார்த்துக்கொண்டோம், தழும்பு ஏதுமில்லை.

2024 ஆகஸ்டில், விண்ணேற்புத் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், உபதேசியாரோடு அமர்ந்து திருவிழா வரிக் கணக்கைச் சரிபார்த்துக் கொண்டிருந்தோம். அந்தத் தாய் இடுப்பில் மகனோடும், கையில் ஒரு சீப்பு மொந்தன் பழத்தோடும் வாசலில் வந்து நின்றார். மாமியாரும் பின்னால் நின்றார். பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "சாமி, தம்பிக்கு நேற்றுக் கடைசித் தடுப்பூசி முடிந்துவிட்டது. இனிமேல் கிடையாதாம்" என்றார்.

"அப்படியா அம்மா, மிக்க நன்று" என்றோம். குரல் சற்றுத் தடுமாறியது.

"பிள்ளை அழவேயில்லை சாமி" என்றார் மாமியார் பெருமையோடு. உபதேசியார் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, "அடுத்தது ஆரோக்கியசாமி வீடு, ஐந்நூறு ரூபாய்" என்று வாசித்தார்.